வீட்டு வாசலில் வைத்தே வேனுக்கு அலோய் ரிம் மாற்றலாமா?

தலவாக்கலை வேன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா கேடிஎச் ஹையேஸ் வேன், காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறேன், சனி ஞாயிறு கிடைத்தால் ஹயர். பழைய இரும்பு ரிம் நான்கும் துருவேறிப் பார்க்கவே சகிக்காமல் போனதால் கொழும்பில் பாவித்த அலோய் ரிம் ஒரு செட் வாங்கிவிட்டேன். டொயோட்டா பிராடோ ஜீப்பில் கழற்றியது, கம்பனி ரிம், 16 அங்குலம், ஆறு ஓட்டை, 215/65 டயரோடு. கடைக்காரர் அப்படியே ஏறும் என்றார், ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஏறவும் செய்கிறது. ஆனால் பழைய நட்டை முறுக்கினால் அதன் கூம்பு ஓட்டை வாயில் போய் முட்டி நின்றுவிடுகிறது, கழற்றிப் பார்த்தால் ஓட்டையின் விளிம்பில் பளபளவென்று மெல்லிய வளையம் ஒன்று விழுந்திருக்கிறது. அது போதுமா? இன்னொன்று, எங்கள் வாசல் லயத்து ரோட்டில் இருந்து இறங்கும் சரிவு, மழைக்கு மண் ஊறிக் கிடக்கிறது. வேனோடு வந்த ஜாக்கும் வீல் ஸ்பெனரும்தான் கையில். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாமா?

ஹட்டன் கராஜ்காரர்:

தம்பி, அந்த நட்டோடு வேனை எடுக்க வேண்டாம். இரும்பு ரிம் நட்டுக்குக் கூம்பு முகம், அது கூம்பான குழியில் முழுசாக உட்கார்ந்தால்தான் பிடிக்கும். டொயோட்டா கம்பனி அலோயில் பெரும்பாலும் குழி இருக்காது, நேரான ஓட்டையும் தட்டையான முகமும்தான். அதற்குக் கழுத்து நீண்ட, வாஷர் வைத்த நட் தனியாக இருக்கிறது. நீங்கள் பார்த்த வளையம், நட் அந்த மெல்லிய கோட்டில் மட்டும் தொடுகிறது என்பதற்கு அடையாளம். அலுமினியம் மென்மையான உலோகம், நாலு வளைவு திரும்பினால் அந்த விளிம்பு நசுங்கும், நட் தளரும், பிறகு ஓட்டையே முட்டை வடிவமாகிவிடும். வெளியில் வாங்கும் வேறு பிராண்ட் அலோய்களில் கூம்புக் குழியும் வரும், ஆகவே ரிம்மில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன் ஓட்டையில் நட்டைப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். போல்ட் 12 மில்லிமீட்டர், புரிக்குப் புரி இடைவெளி 1.5. கையால் சுற்றும்போது குறைந்தது எட்டுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும்.

ஆறு ஓட்டை பொருந்தியதால் எல்லாம் பொருந்தியது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். பஜேரோ ஜீப்புக்கும் அதே ஆறு ஓட்டை, ஓட்டைகள் நிற்கும் வட்டமும் அதே 139.7 மில்லிமீட்டர், ஆனால் அதன் ரிம்மின் நடு ஓட்டை 67 மில்லிமீட்டர், அதற்குள் போக வேண்டிய ஹையேஸ் ஹப் 106, உள்ளேயே போகாது. பிராடோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் ரிம் வேனின் பழைய ரிம்மை விட வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து எங்கேயாவது உரசுகிறதா பாருங்கள், அப்புறம் ஆட்களை ஏற்றியும் ஒரு தடவை பாருங்கள்.

அதோடு டயரில் 215/65க்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

பண்டாரவளை டிரைவர்:

நட் விசயத்தை விடுங்க, எனக்குப் பயம் அந்தச் சரிவுதான். கியரில் போட்டால் நிற்கும் என்று நம்பி நம்மவர்கள் செய்யும் வேலை இது. ஹையேஸுக்குக் கியர் பிடிப்பது பின் வீல்களை மட்டும், அதில் ஒன்றைத் தூக்கியதும், இரண்டு பின் வீலுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய வீல் சும்மா சுற்றும், தரையில் இருப்பது உருளத் தொடங்கும். கியர் அங்கே ஒன்றுக்கும் உதவாது. அதற்கப்புறம் வேனைப் பிடித்து நிறுத்துவது மிச்சமிருக்கும் ஒரு வீலின் ஹேண்ட் பிரேக் மட்டும்தான், நம் பாதையில் ஓடும் வேன்களின் ஹேண்ட் பிரேக் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கோயில் வாசலோ பாடசாலை மைதானமோ, தட்டையான சிமெந்துத் தரை கேட்டு வாங்குங்கள். அங்கேயும் எதிர்மூலை வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும், கல் வைத்தால் நழுவும்.

நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக் ஏற்ற வேண்டும், மேலே போன பிறகு ஸ்பெனரை உலுக்கினால் வேன் ஜாக்கில் இருந்து சரியும். ஜாக்குக்கு அடியில் தடித்த பலகை. பின்னுக்கு எக்ஸலில் லீஃப் ஸ்பிரிங் பக்கமாக முட்டுக் கொடுக்கலாம், முன்னுக்கு வேனோடு வந்த புத்தகத்தில் காட்டிய இடத்தில் மட்டும். கழற்றிய வீலை உடனே சேஸிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக் விழுந்தாலும் வேன் அதன் மேல் உட்காரும், கால் தப்பும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மஸ்கெலியா:

எங்கள் பக்கம் மழைக்கும் பனிக்கும் போல்ட் துருப்பிடித்து இறுகிவிடும், அதனால் நான் புரியில் கிரீஸ் தடவித்தான் போடுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ஹட்டன் கராஜ்காரர்:

மஸ்கெலியா அண்ணன் கோபிக்க வேண்டாம், புரியில் கிரீஸ் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. முறுக்கும் அளவு காய்ந்த புரிக்குக் கணக்குப் போட்டது, கிரீஸ் இருந்தால் அதே பலத்துக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். கம்பி பிரஷ்ஷால் புரியையும் ஹப் முகத்தையும் தேய்த்தால் போதும், துருப் பொருக்கு நடுவில் மாட்டினால் பிறகு தளர்வது அதனால்தான். கிரீஸ் பூச ஆசையாக இருந்தால் ரிம் உட்காரும் நடு வளையத்தில் மட்டும் லேசாக.

ஹையேஸுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி முறுக்க வேண்டும், சரியான எண் வேனின் புத்தகத்தில் இருக்கும். முறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இரவல் வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: 30 சென்டிமீட்டர் ஸ்பெனரின் நுனியில் 34 கிலோ பாரம் விழுந்தால் 100 வந்துவிடும். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு மடங்கு, போல்ட் இழுபட்டுப் போகும். முதலில் ஆறையும் கையால் ஏற்றி, எதிரெதிராகக் கொஞ்சம் இறுக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகு முழுசாக. நுவரெலியா போய்த் திரும்பி வந்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

தலவாக்கலை வேன்:

நன்றி அண்ணே. டயரில் 98எச் என்று இருக்கிறது, சி என்ற எழுத்து எங்கேயும் இல்லை. டயர் கட்டை தேயாமல் நல்லாத்தான் இருக்கிறது.

ஹட்டன் கராஜ்காரர்:

நான் பயந்தது சரிதான். பாரம் ஏற்றும் வேன் டயரில்தான் சி இருக்கும், இது கார், ஜீப் டயர். 98 என்றால் ஒரு டயர் தாங்குவது 750 கிலோ. உங்கள் பழைய டயரைப் பாருங்கள், 107/105 என்று இருந்தால் 975 கிலோ. வீலுக்கு 225 கிலோ குறைகிறது. பிள்ளைகள் நிறைந்த வேனை அதை வைத்து ரம்பொடை இறக்கத்தில் இறக்க முடியாது. ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மட்டும் விற்றுவிட்டு 215/65ஆர்16சி, 109/107 பாருங்கள், உயரமும் பழைய 195ஆர்15க்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், வேக மீட்டர் காட்டுவது பெரிதாக மாறாது. வாங்கும்போது டயர் ஓரத்தில் டொட் (DOT) என்பதற்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம்.

பண்டாரவளை டிரைவர்:

ஸ்பெயார் வீல் பழைய இரும்பு ரிம்தானே? அப்படியென்றால் அந்தப் பழைய கூம்பு நட் ஆறை ஒரு பையில் கட்டி ஜாக்கோடு வேனிலேயே போட்டு வையுங்கள். புது நட்டைப் பொட்டலத்தோடு வாங்கிய சந்தோசத்தில் இதை எல்லோரும் வீசிவிடுகிறார்கள்.

தலவாக்கலை வேன்:

வீசத்தான் இருந்தேன் அண்ணே, எடுத்து வைத்துவிட்டேன். இந்த ஞாயிறு வேண்டாம், டயர் கிடைத்த பிறகு கோயில் வாசலில் வைத்துக்கொள்கிறேன்.