டெராஃபார்ம் புதிய கணக்கை விட்டுவிட்டுப் பழைய கணக்கின் கீயை எடுக்கிறது

கேள்வி:
வணக்கம். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறேன். அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குக்குத் தந்த அக்சஸ் கீயையும் சீக்ரெட் கீயையும் (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போன்ற இணை) ‘ஏடபிள்யூஎஸ் கன்ஃபிகர்’ கட்டளையால் தனிப் புரொஃபைலாக (பெயரிட்ட கீத் தொகுப்பாக) சேமித்து, அதன் பெயரைச் சூழல் மாறியிலும் (டெர்மினலில் இயங்கும் நிரல்கள் படிக்கும் மதிப்பு) இட்டேன். ஆனாலும், கிளவுட் அமைப்புகளை உருவாக்கும் கருவியான டெராஃபார்மில், செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே காட்டும் ‘டெராஃபார்ம் பிளான்’ கட்டளை அனுமதி இல்லை என்று நின்றுவிடுகிறது; பிழைச் செய்தியிலுள்ள 12 இலக்கக் கணக்கு எண்ணோ நான் முன்பு வேலை செய்த இடத்தினுடையது. ரூட் பயனரின் (கணக்கின் முழு அதிகாரமும் உள்ளவர்) கீயை வாங்கிப் போடும்படி உடன் வேலை செய்பவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து ரூட் கீயைக் கேட்காதீர்கள். அது கசிந்தால் கணக்கே கைவிட்டுப் போய்விடும். தவிர, உங்கள் சிக்கல் அனுமதி பற்றியதும் அல்ல. பழைய கீகள் சூழல் மாறிகளாக எங்கோ ஏற்றப்படுகின்றன. அவை இருக்கும்வரை, புரொஃபைல் பெயரைச் சூழல் மாறியில் எத்தனை தடவை மாற்றினாலும் கருவி அந்தக் கீகளையே முதலில் எடுக்கும். சூழல் மாறிகளைப் பட்டியலிடும் ‘என்வ்’ கட்டளையை இயக்கி, ஏடபிள்யூஎஸ் என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அவற்றை இடும் வரிகள் பெரும்பாலும், டெர்மினல் திறக்கும்போது தானாக ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் அகப்படும். நீக்கியபின் புதிய டெர்மினலைத் திறந்து, ‘எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி’ கட்டளையால் எந்தக் கணக்கில் நிற்கிறீர்கள் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பிளானை ஓட்டுங்கள். அக்கட்டளைக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

மறுமொழி 2:
எனக்குக் கவலை தருவது வேறொன்று. பழைய இடத்தின் அந்தக் கீ செல்லாததாகியிருந்தால் அடையாளமே செல்லாது என்ற பிழை வந்திருக்கும். அனுமதி இல்லை என்று வருவதால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. பழைய இடத்துக்கு இன்றே எழுதி அதை முடக்கச் சொல்லுங்கள். புதிய வாடிக்கையாளரிடமும் நிரந்தரக் கீக்குப் பதிலாக ஐடென்டிட்டி சென்டர் (ஏடபிள்யூஎஸ்ஸின் உள்நுழைவுச் சேவை) வழியாக உள்நுழையும் வசதியைக் கேட்டுப் பாருங்கள். அதில் கிடைக்கும் தற்காலிகக் கீகள் தாமாகவே காலாவதியாகும். அவற்றைக் கையால் ஒட்டுவதானால் அவற்றோடு வரும் மூன்றாவது மதிப்பான செஷன் டோக்கனையும் மறவாமல் சேர்க்க வேண்டும். பலர் தடுமாறுவது அங்கேதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பாஷ்ஆர்சி கோப்பின் அடியில் மூன்று வரிகள் இருந்தன: இரண்டு கீகள், அவற்றோடு சிங்கப்பூர் ரீஜன் (சேவைகள் இயங்கும் இடம்). வாடிக்கையாளரின் சேவைகள் மும்பையில் இருப்பதால் அந்த மூன்றாவது வரியும் பின்னர் என்னை அலைக்கழித்திருக்கும். மூன்றையும் நீக்கினேன், இப்போது சரியான கணக்கு எண் வருகிறது. பழைய இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.