மதியம் ஏறி மழையில் இறங்கும் மீத்தேன் அளவு: குளமா, லேசரா?

செம்பனைத்தம்பி (பெஸ்தாரி ஜெயா):
வணக்கம். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தை மூடியிருக்கும் விரிப்பில் மீத்தேன் கசிகிறதா என்று பார்க்க ஒரு லேசர் சென்சார் கட்டியிருக்கிறேன். 1653.7 நானோமீட்டர் டிஎஃப்பி லேசர் (ஒற்றை அலைநீள லேசர்), காற்று நிறையும் 30 செ.மீ. அலுமினியக் கலம், அதன் இரு முனையிலும் ஒளி நுழைந்து வெளியேற ஜன்னல் கண்ணாடி. எல்லாம் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது.

நொடிக்கு நொடி இரைச்சல் 1 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஆனால் மதிய வெயிலில் 12 வரை ஏறுகிறது. சாயங்கால மழை பிடித்தால் பூஜ்யத்துக்கும் கீழே! வெறும் காற்றிலேயே 1.9 பிபிஎம் இருக்குமே, மைனஸ் எப்படி? பத்து நிமிடச் சராசரி எடுத்தும் அடங்கவில்லை.

வயர்மேன்:
முதலில் பவர் சப்ளையும் எர்த்தும் பாருங்கள். ஆலை மோட்டார்கள் பக்கத்தில் இருந்தால் எதுவும் நடக்கும்.

ஒளிக்கற்றை:
மோட்டார் இரைச்சல் மழைக்கு அடங்காது, வயர்மேன். தம்பி, கலத்துக்குள் நைட்ரஜனை மட்டும் விட்டு ஒரு முழுப் பகல் ஓடவிடுங்கள். அப்போதும் ஏறி இறங்கினால் குளத்தின் மேல் பழி இல்லை.

எனக்குச் சந்தேகம் ஃபிரிஞ்ச் மேல். எதிரெதிரே இணையாக நிற்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையில் ஒளி கொஞ்சம் திரும்பித் திரும்பிப் போய்வந்து, லேசரின் அலைநீளத்தை நகர்த்திப் பார்க்கும் ஸ்கேனில் அலை அலையாக வரி போடும். உங்கள் கலத்தில் 1 பிபிஎம் மீத்தேன் விழுங்குவது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குதான். அதைப்போல் பத்து மடங்கு ஃபிரிஞ்ச் வர, சுத்தமான கண்ணாடியே போதும்.

பரப்புகளின் இடைவெளி 5 செ.மீ. என்றால் வரிகள் 3 கிகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி விழும். சாதாரணக் காற்றழுத்தத்தில் மீத்தேன் கோடும் (அது ஒளியை விழுங்கும் இடம்) ஏறக்குறைய அந்த அகலம்தான். அதனால் ஃபில்டர் போட்டுப் பிரிக்க முடியாது. அந்த 5 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு 1.15 மைக்ரோமீட்டர் நீளும். அரை அலைநீளம் 0.83தான். ஒரு டிகிரி ஏறுவதற்குள் ஒரு முழு வரி கடந்து போய்விடும். தகரக் கொட்டகையில் மதியம் எத்தனை டிகிரி ஏறும் என்று நான் சொல்ல வேண்டுமா?

சராசரி உதவாததும் இதனால்தான். 1993ல் வெர்லே குழுவினர் லேசர் வாயு அளவீட்டுக்கு ஆலன் வேரியன்ஸைக் கொண்டுவந்தார்கள்; எவ்வளவு நேரம் சராசரி எடுத்தால் அளவு எவ்வளவு அலைகிறது என்று அது காட்டும். அந்த வரைபடம் போடுங்கள். முதலில் இறங்கும், ஒரு இடத்தில் திரும்பி ஏறும். திரும்பும் இடத்தைத் தாண்டிச் சராசரி எடுத்தால் நகர்வைத்தான் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

செம்பனைத்தம்பி:
ஐயா, நைட்ரஜனிலும் அதே ஏற்ற இறக்கம். ஆலன் கோடு 40 நொடியில் திரும்புகிறது. வரி இடைவெளி 3.3 கிகாஹெர்ட்ஸ். கணக்குப்படி சுமார் 4.5 செ.மீ. வருகிறது. கோலிமேட்டருக்கும் (லேசர் ஒளியை இணைக்கற்றையாக்கும் லென்ஸ்) முதல் ஜன்னலுக்கும் சரியாக அவ்வளவுதான் தூரம்!

வயர்மேன்:
அப்படியானால் மணிக்கு ஒருமுறை நைட்ரஜன் விட்டு ஜீரோ செய்தால் முடிந்ததே.

ஒளிக்கற்றை:
40 நொடியில் நகரத் தொடங்குவதை மணிக்கு ஒருமுறை எப்படிப் பிடிப்பது? சிலிண்டர்தான் காலியாகும். ஜன்னலைச் சில டிகிரி சாய்த்து வையுங்கள், திரும்பும் ஒளி பாதையை விட்டு விலகிப் போகும். முடிந்தால் ஆப்புபோல் ஒரு பக்கம் தடித்த கண்ணாடி வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடியின் இரு முகங்களுமே ஒரு ஜோடிதான். அப்புறம் ஜீரோ எடுங்கள், அப்போது பலன் தெரியும்.

செம்பனைத்தம்பி:
சாய்த்துவிட்டேன், கலத்தைச் சுற்றி நுரைப்பஞ்சும் கட்டினேன். மதியமும் 3 பிபிஎம் தாண்டவில்லை, ஆலன் கோடு ஆறு நிமிடம் வரை இறங்குகிறது. நன்றி ஐயா. விடியற்காலையில் மட்டும் சிக்னல் பாதியாகிறது.

ஒளிக்கற்றை:
அது கண்ணாடியில் ஈரம் படிவது. ஜன்னல் பக்கம் சின்ன ஹீட்டர் ஒட்டி, வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக வையுங்கள். தெர்மோஸ்டாட் அடிக்கடி ஆன் ஆஃப் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே அலைச்சல் வேறு தாளத்தில் வரும்.