பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் வயலில் பாம்பு கடித்தால் உடனே கடிவாய்க்கு மேலே துணியை இறுக்கிக் கட்டுகிறார்கள், சிலர் பிளேடால் கீறி உறிஞ்சுகிறார்கள். இது சரியா?

பதில் 1: இரண்டுமே வேண்டாம். இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம், கீறினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ரத்தம் நிற்காமல் போகலாம். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் கட்டை வைத்துக் காலை அசையாமல், ஆனால் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். 108-ஐ அழையுங்கள்.

பதில் 2: பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

பதில் 3: கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலி, வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்றோ கண் இமை திறக்கவில்லை என்றோ சொன்னால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள், அப்புறம் மூச்சே நின்றுவிடலாம்.