புதுப்பிப்பு: ஈஸ்ட் கோஸ்ட் பார்க் பக்கம் எங்கே தங்கினோம்?
சிங்கப்பூரின் கடற்கரைப் பூங்காவான ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்குக் கிட்டத்தில் அம்மாவோடு தங்க காத்தோங் பகுதி நல்லதா, விமான நிலையம் இருக்கும் சாங்கி நல்லதா என்று கேட்டிருந்தேன். காத்தோங்கில் தங்கினோம். ரொம்பத் திருப்தி.

ஒன்றைக் கவனியுங்கள். ஊருக்கும் பூங்காவுக்கும் இடையே விரைவுச்சாலை ஓடுகிறது. வரைபடத்தில் கடல் பக்கத்திலேயே தெரியும், ஆனால் சுரங்க நடைபாதை போன்ற கடக்கும் வழி இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். பூங்கா ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம். அதனால் பெரியவர்களோடு வருபவர்கள் அந்த வழி எங்கே என்று பார்த்துவிட்டே அறை எடுங்கள்.

2024 ஜூனில் காத்தோங்குக்குப் பக்கத்தில் மரீன் பரேட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் திறந்துவிட்டதால் ஊருக்குள் போய்வருவதும் சுலபம். சிலோன் ரோட்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய செண்பக விநாயகர் கோயிலுக்கு நடந்தே போனோம், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்!

சாங்கியைச் சொன்னவர்களுக்கும் நன்றி. அதிகாலை விமானம் என்றால் அதுதான் வசதி.