நாய்க்குட்டிக்கு வெளியே போகப் பழக்கிய அனுபவங்கள்

தருமபுரி, பாரதிபுரத்திலிருந்து:

கடந்த கார்த்திகை மாதத் தொடக்கத்தில், எங்கள் தெருக்கோடியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மணற்குவியலருகே ஒரு நாய் ஈன்ற ஐந்து குட்டிகளில் ஒன்றை, அதற்கு ஏறக்குறைய ஐம்பது நாளானபோது, என் மகள் மடியில் வைத்துத் தூக்கி வந்தாள். நிறத்தைப் பார்த்து செவலை என்றே பெயரிட்டோம். வந்த அன்று இரவுக்குள் அது வீட்டினுள் ஏழு இடங்களில் சிறுநீர் கழித்திருந்தது. குட்டிதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மூன்றாவது வாரத்திலும் சரியாகவில்லை. அதற்கு நாங்கள் செய்த தவறுகளே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

எங்களுடையது பழைய வீடு. கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை, அதில் ஆங்காங்கே மயிரிழை போன்ற விரிசல்கள். செவலை திரும்பத் திரும்பப் போன இடங்கள் மூன்று: சமையலறை வாசலில் கிடந்த கால்மிதி, கோரைப்பாயைச் சுருட்டி வைக்கும் மூலை, கட்டிலுக்கு அடியில் ஒரு விரிசல். ஈரத்தை உறிஞ்சுகிற, காலுக்கு மெத்தென்று இருக்கிற இடத்தையே குட்டிகள் விரும்பும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போவதற்கு முன் அது காட்டும் குறிப்பும் தெரியாது. விளையாடிக்கொண்டே இருக்கும் குட்டி சட்டென்று விளையாட்டை விட்டுவிட்டு, மூக்கைத் தரையில் பதித்து ஒரு முறம் அளவு வட்டத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றும். பிறகு பின்னங்கால்களை அகட்டித் தாழ்த்தும். முகரத் தொடங்கியதிலிருந்து முடிப்பது வரை பத்து நொடிகூட ஆகாது. கையில் கரண்டியோடு அடுப்படியில் நிற்பவர் அதைக் கவனிப்பது கடினம்.

“மூக்கப் புடிச்சி அதுலயே ரெண்டு தேய் தேய்ச்சி விடும்மா, அப்பத்தான் புத்தி வரும்” என்று என் மாமியார் சொன்னார். அவர் பிறந்த வீட்டில் அப்படித்தான் பழக்கினார்களாம். நானும் இரண்டு முறை அவ்வாறே செய்தேன்; அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அதன்பின் செவலை எங்கள் கண் முன்னால் போவதை நிறுத்திவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் மறைவாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. வீட்டுக்குள் போகக் கூடாது என்பதை அது கற்றுக்கொள்ளவில்லை. இந்த மனிதர்களுக்கு முன்னால் போனால் ஆபத்து என்பதைக் கற்றுக்கொண்டது. கயிறு கட்டிக் கொல்லைக்கு அழைத்துப் போனால், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதற்காகவே அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே வந்த மறு நிமிடம் டிரம்முக்குப் பின்னால் ஓடும். நடந்து முடிந்த ஒன்றுக்காகத் திட்டும்போது, எதற்காகத் திட்டுகிறோம் என்று இணைத்துப் பார்க்க அந்த வயதுக் குட்டியால் முடியாது.

தடுப்பூசிக்காக அழைத்துப் போனபோது கால்நடை மருத்துவரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எத்தனை மணிக்குப் போகிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?” அன்று மாலையே மகளின் பழைய ரஃப் நோட்டில் எழுதத் தொடங்கினேன். நான்கே நாளில் ஒழுங்கு தெரிந்துவிட்டது. தூங்கி எழுந்தால் இரண்டு நிமிடத்துக்குள், சாப்பிட்டால் பத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள், ஓடி விளையாடினால் நடுவிலேயே, இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை என்று அது கடிகாரம் போலப் போய்க்கொண்டிருந்தது. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு வருகிறதோ அத்தனை மணி நேரம்தான் ஒரு குட்டியால் அதிகபட்சமாக அடக்க முடியும் என்று மருத்துவர் சொன்னார். விழித்து விளையாடும் நேரத்தில் அந்த அளவும் தாங்காது. இரண்டு மாதக் குட்டியை ஐந்து மணி நேரம் உள்ளே பூட்டிவிட்டுத் திருமணத்துக்குப் போய்வந்து, தரை நனைந்திருக்கிறதே என்று கோபித்த எங்களைத்தான் யாராவது திட்டியிருக்க வேண்டும்.

தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது என்பது அடுத்த சிக்கல். ஒன்றரை மாதத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வார வயது வரை அந்த ஊசிகள் நீள்கின்றன. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், வேறு நாய்கள் நுழைய வழியில்லாத எங்கள் கொல்லையில், முருங்கை மரத்தடியில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தோம். நடத்திக் கூட்டிப் போனால் வழியிலேயே போய்விடுகிறது என்பதால் தூக்கிக்கொண்டுதான் போனேன். அங்கே இறக்கிவிட்டு, பேசாமல், அதன் முகத்தையும் பார்க்காமல் சற்றுத் தள்ளி நின்றேன். அது முடித்த அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே, அவித்த கோழியில் நகக்கண் அளவு ஒரு துண்டைக் கொடுத்தேன். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசாகவே குட்டி அதை எடுத்துக்கொள்கிறது.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான். முதல் மூன்று வாரமும் நாங்கள் பினாயிலை ஊற்றி ஊற்றித் துடைத்தோம். நம் மூக்குக்கு வாடை மறைந்தது. குட்டியின் மூக்குக்கு மறையவில்லை. காயாத பினாயில் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் குட்டியின் உடலுக்கும் கேடு. அமோனியா கலந்த திரவங்களின் வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால், அவை குட்டியை அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். பிறகு முறையை மாற்றினோம். ஈரத்தைத் தேய்த்துப் பரப்பாமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி, ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்ததும் ஆப்ப சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டுக் காலையில் பெருக்கினோம். வினிகரை நெடுநேரம் விட்டால் சிமெண்டுத் தரையின் மெருகு மங்கும் என்பதால் உடனே துடைத்துவிட வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய வாடைக்கு இதுவும் போதவில்லை. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், வாடைக்குக் காரணமானதைச் சிதைக்கும் நொதித் (என்சைம்) திரவம்தான் அதைப் போக்கியது. கோரைப்பாயை மட்டும் எவ்வளவு வெயிலில் போட்டும் மீட்க முடியவில்லை. கால்மிதியை இரண்டு மாதத்துக்குப் பரணில் ஏற்றிவிட்டோம்.

நோட்டில் முதல் வாரம் வீட்டுக்குள் நடந்தவை முப்பத்தொன்று. ஆறாவது வாரம் இரண்டு. அரிசி டிரம் பழக்கம்தான் கடைசி வரை இழுத்தது. டிரம்மைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தோம். வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம். அப்படியும் அது என் எதிரில் பயமில்லாமல் போவதற்கு மேலும் ஒரு மாதம் பிடித்தது. நான் கெடுத்தது இரண்டே நாளில்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

சகோதரி எழுதியிருப்பதைப் படித்ததும், எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கொல்லை கிடையாது, தரை முழுவதும் கிரானைட். கல் உறிஞ்சாது, துடைத்தால் போயிற்று என்று எண்ணியிருந்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இணைப்பில் இறங்கியது அப்படியே இருக்கும் என்பதைக் குட்டிதான் காட்டிக்கொடுத்தது.

எங்களுக்குச் சிறுநீரைவிட மலம்தான் பெரிய தொல்லையாக இருந்தது. தினமும் இரண்டு வேளை பால்சோறு வைத்தோம்; இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. பால் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை என்று மருத்துவர் சொல்லி, குடற்புழு மருந்தும் கொடுத்த பிறகு, காலை ஏழு, நண்பகல், மாலை ஆறரை என மூன்று வேளையும் நேரம் தவறாமல், குழைந்த சோற்றோடு அவித்த கோழி வைத்தோம். வைத்த தட்டை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுவோம். உணவு நேரம் ஒழுங்கானதும் வெளியே போகும் நேரமும் தானாக ஒழுங்கானது. தண்ணீரை மட்டும் பகலில் ஒருபோதும் குறைக்கக் கூடாது.

தடுப்பூசி முடியும் வரை மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்துப் பழக்கினோம். அதில் ஒரு பின்விளைவு உண்டு: காகிதம் எங்கே விரிந்திருந்தாலும் அது தனக்கான இடம் என்று குட்டி எண்ணிக்கொண்டது. அப்பா தரையில் விரித்துப் படிக்கும் நாளிதழையும் அது விடவில்லை. எனவே அகலமான பிளாஸ்டிக் தட்டில் செம்மண் நிரப்பி, அதன்மேல் காகிதத்தைப் போட்டு, நாளுக்கு நாள் காகிதத்தைச் சிறிதாகக் கிழித்து, இரண்டு வாரத்தில் வெறும் மண்ணுக்குக் கொண்டுவந்தோம். மண்ணில் பழகிய குட்டியைப் பின்னர் தெருவோரத்துக்கு மாற்றுவது எளிதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையிலிருந்து திரும்பியதும் குட்டி ஓடி வந்து, காதுகளைப் பின்னால் மடித்து, என் காலடியில் தாழ்ந்து சில சொட்டு விடும். இதைப் பழக்கக் குறைவு என்று எண்ணிக் கண்டித்தேன், அதிகமாயிற்று. அது பணிவினாலும் பரபரப்பினாலும் தன்னையறியாமல் நேர்வது. இப்போதெல்லாம் வந்ததும் குனிந்து தலையைத் தடவுவதில்லை. செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, அது அடங்கிய பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து கையை நீட்டுகிறேன். ஐந்து மாதம் ஆவதற்குள் முழுவதுமாக நின்றுவிட்டது.

ஓசூரிலிருந்து:

நன்றாகப் பழகிவிட்ட குட்டி திடீரென்று மறுபடி வீட்டுக்குள் போகத் தொடங்கினால், தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் ஐந்து மாதப் பெண் குட்டி, இரண்டு மாதமாக ஒருமுறைகூடத் தவறாமல் இருந்தது, திடீரென்று அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து இரண்டு மூன்று சொட்டு விட ஆரம்பித்தது. பிடிவாதம் என்று எண்ணி ஒரு வாரம் பால்கனியில் கட்டிப்போட்டேன். அந்த ஒரு வாரமும் அது சிறுநீர் எரிச்சலோடு நின்றிருக்கிறது. அடிக்கடி அந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்ததைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை. சிறுநீர்த் தொற்று என்று தெரிந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை நாள் தவறாமல் கொடுத்ததும் பழையபடி வெளியே போனது. பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்டால் பதற வேண்டாம். காலையில் முதலில் போகும்போது, நீளக் காம்புள்ள சுத்தமான குழிக்கரண்டியைப் பின்னாலிருந்து மெல்ல நீட்டிப் பிடித்து, மூடியுள்ள சிறு புட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.