புதுப்பிப்பு: 'ஸ்டார்மேன்' படித்து முடித்தாயிற்று

டிசி காமிக்ஸில் அதிகம் பேசப்படாத நல்ல காமிக்ஸ் தொடர் எது என்று முன்பு கேட்டிருந்தேன். ஜேம்ஸ் ராபின்சன் எழுதிய 'ஸ்டார்மேன்' (1994–2001) என்றீர்கள். சரியான பரிந்துரை.

நாயகன் ஜாக் நைட் பழம்பொருள் வியாபாரி. அப்பா 1940களில் ஸ்டார்மேன் என்ற பெயரில் சூப்பர்ஹீரோவாக இருந்தவர். அவருக்குப் பின் அந்தப் பெயரை ஏற்ற சகோதரன் டேவிட் ஆரம்பத்திலேயே கொல்லப்பட, பொறுப்பு இவன் தலையில் விழுகிறது. சீருடை போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். தோல் ஜாக்கெட்டும் கண்ணாடியும்தான். இறந்த டேவிட்டோடு அவன் பேசும் இதழ்கள் அவ்வப்போது வரும். சண்டைக்காட்சி எதையும்விட எனக்கு அவைதான் பிடித்தன.

அப்புறம் ஷேட். ஃபிளாஷ் என்ற சூப்பர்ஹீரோவின் பழைய கதைகளில் வந்த வில்லன், சாவே இல்லாதவன். இங்கே, கதை நடக்கும் ஓபல் நகரத்தைக் காதலிக்கும் கனவானாக மாறி, நாயகனையே ஓரங்கட்டிவிடுகிறான்!

ஜாக் விண்வெளிக்குப் போகும் பகுதி மட்டும் இழுவை. ஓவியர் டோனி ஹாரிஸ் பாதியில் விலகியதும் ஓவியம் மாறும்; பின்னால் வந்த பீட்டர் ஸ்னெய்பியர்க் சோடையில்லை.

தொடங்குபவர்கள் 0 எண்ணிட்ட இதழிலிருந்து தொடங்குங்கள், 1 அல்ல. முடிவைப் பற்றிப் பேச ஆசைதான், படிக்காதவர்களுக்காக வாயை மூடிக்கொள்கிறேன்.