தோட்டத்தில் கொவிட் ஆய்வுக்கு இரத்தம் தர ஆட்கள் வருவதில்லை, என்ன செய்யலாம்?

ஹட்டன்_பிள்ளை:
வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொவிட் எதிர்ப்புச்சக்தி பற்றிய ஆய்வுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறேன். ஒருமுறை கொஞ்சம் இரத்தம், ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை, சில கேள்விகள், அவ்வளவுதான். ஊசி, மருந்து எதுவும் கொடுப்பதில்லை. ஆய்வு நெறிமுறையைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி இருக்கிறது, தமிழில் சம்மதப் படிவமும் இருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், தோட்டத்து மேலாளரான துரை முன்னாலேயே எல்லாருக்கும் விளக்கினோம். 120 பேர் வேண்டும், மூன்று கிழமையில் 14 பேர்தான் வந்தார்கள், அதில் பாதிப்பேர் ஆபீஸ் ஆட்கள். நானும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள், அதனால் மனசுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எங்கே பிழை விட்டோம்?

மஸ்கெலியா_மழை:
தங்கச்சி, பெரட்டுக்களத்தில் துரை முன்னால் கேட்டதுதான் பிழை. அங்கே பேர் கூப்பிட்டால் வேலைக்கு என்றுதான் அர்த்தம். விருப்பமானவர்கள் வாங்க என்று நீங்கள் சொன்னாலும், வராதவர்களை யார் குறித்து வைப்பார்களோ என்ற பயம் இருக்கும், அந்தப் பயத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இரத்தசோகை ஆய்வு என்று சொல்லி எங்கள் லயத்தில் அம்மாவிடமும் பக்கத்துக் காம்பரா அக்காக்களிடமும் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட் இன்றுவரை வரவில்லை. "என் இரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு அவங்களாவது பார்த்தாங்களா?" என்று அம்மா இப்பவும் கேட்பார்.

பழைய_மிட்வைஃப்:
மகள், நேரத்தையும் பாருங்கள். கொழுந்து மலையில் இருக்கிற பெண்ணைப் பகலில் கூப்பிட்டால் கேட்ட கிலோ குறையும், அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு போங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். வாசலில் உட்கார்ந்து பேசுங்கள், வீட்டில் மாமியார் இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். படிவத்தை நீங்களே வாசித்துக் காட்டி, விளங்கியதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கைநாட்டு வைக்கிறவருக்குச் சாட்சியாக, வேலையை மேற்பார்க்கிற கங்காணியை மட்டும் நிற்க வைக்காதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் சரி என்று எழும்பி வந்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு தடுப்பூசிக் கார்ட் எழுதப்போன காலத்தில் நான் கற்றுக்கொண்டது, அவசரப்படுத்தினால் அடுத்த முறை கதவு திறக்காது.

லயத்துப்_பொடியன்:
எல்லாம் சரி, ஆனால் எப்பவும் எங்கள் ஆட்களிடம்தானே வருகிறீர்கள்? எங்களைப் பரிசோதனை எலியாகப் பார்க்கிறார்கள் என்று அப்பா சொல்கிறார். ஊசி போட்டாச்சு, இன்னும் ஏன் இரத்தம்?

பேராதனை_மாணவன்:
தம்பி, அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை வைத்துச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றி ஆய்வு நடத்தினார்கள், அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. இப்படி நடந்ததால்தான் இன்று கமிட்டி, படிவம், எந்த நேரமும் விலகும் உரிமை எல்லாம் இருக்கின்றன, விலகினாலும் உங்கள் வைத்தியம் குறையக் கூடாது. ஆனால் ஆட்கள் சேராமல் எதுவும் தெரியவராது. ஃபைசர் தடுப்பூசிக்குச் சுமார் 44,000 பேர் முன்வந்தார்கள், பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர் ஊசிதான். 2020 நவம்பரில் எண்ணிப் பார்த்தபோது நோய் வந்தவர்கள் தடுப்பூசிப் பக்கம் 8, உப்புநீர்ப் பக்கம் 162. உங்கள் இரத்தம் கேட்பது ஊசி தந்த எதிர்ப்புச்சக்தி எவ்வளவு காலம் நிற்கிறது என்று பார்க்க. ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற லயத்தில் நோய் பரவுகிற விதமே வேறு, ஆபீஸ் ஆட்களின் இரத்தத்தை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அக்கா, வருகிறவர்களை மட்டும் சேர்க்காமல் வீட்டு இலக்கங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து அந்த வீடுகளுக்கே போங்கள். இழந்த நேரத்துக்கும் பஸ் காசுக்கும் கொடுக்கலாம், ஆனால் காசுக்காகவே கை நீட்டும் அளவுக்குக் கூட்டிவிடாதீர்கள்.

ஹட்டன்_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. பெரட்டுக்களத்தில் கேட்டது என் யோசனைதான், சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். மழை அண்ணா, அம்மாவின் கேள்வி மனசிலேயே நிற்கிறது. எங்கள் படிவத்தில் ரிப்போர்ட் எப்போது, யார் கொண்டுவந்து தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதையும் வீட்டுக்குப் போய்ச் சேர்க்கும் முறையையும் எழுதிக் கமிட்டிக்குத் திருத்தம் அனுப்புகிறேன், அனுமதி வரும்வரை யாரிடமும் இரத்தம் எடுக்கப்போவதில்லை. ஏற்கெனவே தந்த 14 பேரிடமும் இந்த ஞாயிறு போய், தொடர விருப்பமா என்று துரை இல்லாத இடத்தில் திரும்பக் கேட்கிறேன்.